எக்ஸ்ரேவுக்கு அசராத செல்

மாவு மில் சட்டென்று நின்றால் படக்காரம்மா யாரையோ படம் எடுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

மலை மேலே, எடப்புளி நாட்டில், எங்கள் சின்ன ஆஸ்பத்திரி இருந்த மேட்டுக்கு மின்சாரம் ஒரு மெலிந்த ஓடையாகத்தான் வந்து சேரும். ஒரே நேரத்தில் இரண்டு மாடு அதில் வாய் வைக்க முடியாது. மில் ஓடினால் எக்ஸ்ரே மெஷின் முனகும். ஆகவே அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு சிவப்புத் துண்டை ஆட்டுவார். எதிரே மில்காரர் பெல்ட்டைத் தள்ளிவிடுவார். ராகி அரைக்க வந்த பெண்கள் முறத்தோடு நிற்பார்கள். மாவுத்தூசி காற்றில் நிற்கும். "மூச்சை இழுத்துப் புடிங்க!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். சரிவில் இறங்கிப் பலா மரங்களில் முட்டி அது திரும்பி வருவதற்குள், மில் வாசலில் இருந்தவர்களும் சேர்ந்து மூச்சைப் பிடித்திருப்பார்கள். டக். "விடுங்க!" நெஞ்சுச் சளிக்காரனோடு சேர்ந்து அந்த மேடே மூச்சை விடும். மில் மறுபடி ஓடும்.

அவ்வளவு பெரிய குரல் ஏன் என்றால், அவருக்குத் தன் குரலே பாதிதான் கேட்கும். சிறு வயதுக் காய்ச்சல் ஒன்று இரண்டு காதையும் மந்தமாக்கிவிட்டுப் போயிருந்தது. வலக் காதின் பின்னால் பாக்குக்கொட்டை அளவில் ஒரு காது மெஷின். அதன் வயிற்றில் ஒரு பொத்தான் செல். டாக்டர் திட்ட ஆரம்பித்தால் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். திருட்டுத்தனமாக இல்லை. "கழட்டிட்டேன் சார், இனி பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான். 

அவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவன். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்தோம். அந்த ஐந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை, "நான் பாக்கல."

"கடைசி பஸ் வந்துருச்சாக்கா?"

"சத்தம் கேட்டுச்சு தம்பி. நான் பாக்கல."

"இன்னிக்கி மழை வருமா?"

"நேத்து வந்துச்சு. இன்னிக்கித்த நான் இன்னும் பாக்கல."

தானே பார்க்காத ஒன்றை உண்மை என்று சொல்ல அவர் நாக்கு வளையாது. ஆறுதலுக்குக்கூட வளையாது. பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டாலோ, முதலில் தன் சொந்தப் பொருளைத்தான் பலிக்கு நிறுத்துவார். "மொதல்ல எம்பொருளு" என்பது அவருடைய இரண்டாவது வாசகம். அவர் ஜன்னலில் கம்பி கட்டி வரிசையாக ஃபிலிம்கள் தொங்கும். மனித எலும்பு ஒன்றும் இருக்காது. அவருடைய அலாரம் கடிகாரம், அவருடைய பூட்டு, அவருடைய பாக்கெட் ரேடியோ. காலாவதியான ஃபிலிமில் எடுத்தவை. ரேடியோவின் படத்தை மலை வெளிச்சம் ஊடுருவும்போது, இரவில் மேலிருந்து பார்த்த ஒரு நகரம் போலவும், அதன் ஓரத்தில் இரண்டு செல்களும் யாரோ இருவர் போர்த்திப் படுத்திருப்பது போலவும் தெரியும். எனக்கு அதைப் பார்த்தால் எழுத வரும். அவருக்கு அதைப் பார்த்தால், "பாருங்க, பாட்டு இப்பவும் பாடுது" என்று சொல்ல வரும்.

பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த கோடை அது. ரேடியோவில் நாள் முழுக்க அதே செய்தி. கதிர்வீச்சு என்ற சொல் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வந்துவிட்டது. வந்த சொல்லை மலை தன் வழியில் புரிந்துகொண்டது.

எங்கள் மலையில் டார்ச் செல் தீர்ந்தால் யாரும் எறிவதில்லை. மரவள்ளிச் சீவல் காயும் பாறையில், ஓரமாகச் செல்லும் காயும். ஒரு பகல் முழுக்க வெயில் குடித்த செல்லைச் சாயங்காலம் டார்ச்சில் போட்டால், பத்து நிமிஷம் மஞ்சளாக, மனமில்லாமல் எரியும். அந்தப் பத்து நிமிஷத்தில் கொல்லைக்குப் போய்ப் பன்றியை விரட்டிவிட்டு வந்துவிடலாம். இப்படிப் பழகிய அரப்பளி என்ற விவசாயி ஒருநாள் மஞ்சப்பையில் பதினாறு செல்லோடு எக்ஸ்ரே அறைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க படக்காரம்மா, வெயிலும் கதிருதானுங்களே?"

"ஆமாங்க."

"உங்க மெஷினுல வாரதும் கதிரு?"

"ஆமாங்க."

"வெயிலை விடக் காட்டமுங்களா, கம்மிங்களா?"

"சதையத் தாண்டி எலும்பு வரைக்கும் போவுதுங்க. காட்டந்தான்."

"அப்பறம் என்னங்க! நாள் பூராப் பாறையில காயறதுக்கு, உங்க கிட்ட ஒரு டக்கு போதுமே. வெச்சு உடுங்க, நெறஞ்சு வரட்டும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணில் ஒரு சின்ன விளக்கு ஏறியது. "இதை நான் வெச்சுப் பாத்ததில்லையே" என்றார்.

முதலில் தன் டார்ச்சின் செல்களை வைத்தார். பிறகு அரப்பளியின் எட்டுச் செல்லைக் கதிரில் வைத்து, எட்டைத் தனியே ஒதுக்கினார். நோயாளி யாரும் இல்லாத மத்தியானம். ஒரே டார்ச், ஒரே பல்ப். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியும் எத்தனை நேரம் எரிகிறது என்று, அடுப்பில் பால் வைத்தவர்கள் போல் கண் எடுக்காமல் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம். கதிர் பட்டதும் படாததும் ஒரே மாதிரி மங்கி ஒரே மாதிரி செத்தன.

"ஏறலீங்க" என்றார் அக்கா. தோற்றவர் குரலே இல்லை அது. "எறங்கவும் இல்ல."

"அப்ப இத்தனை பெரிய மெஷினு எதுக்குத்தானுங்க ஆவுது?" என்று அரப்பளி பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போய் நாடு முழுக்கத் திட்டியும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் நின்றுபோன கடிகாரம் கொண்டுவந்தார். ஒரு பெண் முட்டை வைக்காத கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கடிகாரத்தை வாங்கி வைத்தவர், கோழியைத் தொடவில்லை. "அதுக்கு ஒடம்பு இருக்கு கண்ணு. காரணமில்லாம ஒடம்புல கதிர் உட மாட்டேன், ஊட்டுக்குக் கொண்டு போ" என்று அனுப்பிவிட்டார்.

அன்றுதான் கேட்டேன். "அப்ப கதிர் பேட்டரியை ஒண்ணுமே பண்ணாதாக்கா? குண்டு வெடிச்சா ரேடியோ எல்லாம் ஊமையாயிடும்கிறாங்களே?"

"நம்ம மெஷினு நெருப்புக்குச்சி தம்பி. அது காட்டுத்தீ. ரெண்டையும் ஒண்ணாப் பேசக்கூடாது." மலைக்கு வருமுன் அவர் பட்டணத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருந்தார். அங்கே கட்டியைக் கருக்கும் பெரிய கதிர் அறை. நோயாளியைத் தவிர உள்ளே யாரும் நிற்க முடியாது. ஒரு கேமரா வைத்து வெளியிலிருந்து பார்ப்பார்கள். "புதுக் கேமராதான். கொஞ்ச நாள்ல படத்துல கசகசா தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். நாளாக ஆகப் புள்ளி பெருகும், அப்பறம் குருடாயிரும். அதோட கண்ணாடி டீத்தண்ணி நிறத்துக்குப் பழுத்துப் போவும். ஆனா கரண்டு போனா எடுக்கறதுக்குன்னு அதே அறையில ஒரு டார்ச்சு தொங்கும். அதோட செல்லு எப்பவும் போலத்தான் எரிஞ்சுது."

"ஏன் அப்படி?"

"செல்லு முரட்டுப்பய. உள்ள வெறும் மாவும் தகடுந்தானே. கேமராவுக்குள்ள இருக்கற மாதிரி நுணுக்கமா யோசிக்கிற பொடிச் சில்லுங்கதான் மொதல்ல போவும். மனுசங்க மாதிரி." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார். "அதையும் விடப் பெரிய கதிர்ல ரொம்ப நேரம் கெடந்தா செல்லும் உள்ளார வாயு கட்டி ஊதும், தோல் நொறுங்கும்னு பொஸ்தகத்துல இருக்கு. நான் பாக்கல."

இந்த உண்மைப் பைத்தியம் ஒருநாள் ஒரு மனிதரின் காலுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

சேந்தமங்கலத்திலிருந்து வாரம் ஒருமுறை சந்தைக்கு ஜீப்பில் ஏறி வருவார் செல்லு பாய். டார்ச், ரேடியோ, செல், திரி ஸ்டவ். அறுபதைத் தொட்ட வயசு, மூட்டையைத் தானே சுமப்பார். மலையில் காது மெஷினுக்குப் பொத்தான் செல் கொண்டுவருகிற ஒரே ஆள் அவர். அதை வாங்குகிற ஒரே ஆள் எங்கள் அக்கா. பாறையில் செல் காய வைக்கிற அரப்பளி பாய்க்குப் பரம எதிரி. "உன்னாலதான்டா என் பொழப்பு காயுது" என்பார் பாய். "வெயிலு ஓசிங்க பாய், நீங்க ஓசியாக் குடுத்தா நான் ஏன் காய வெக்கிறேன்" என்பார் அரப்பளி.

அந்த வாரம், முந்தின நாள் மழையில் நனைந்திருந்த பாறையில் பாய் வழுக்கி விழுந்தார். மூட்டை சேற்றில் கவிழ்ந்து சரக்கெல்லாம் ஊறிப்போனது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கட்டிலின் முன்பக்கம் பிடித்திருந்தவர் அரப்பளி.

முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்தார். "சுளுக்கா முறிவா தெரியணும். எலும்பு விலகியிருந்தா அதை நேராக்காம எழுபது வளைவு எறக்குனா, கால் கோணிப்போயிடும் பாய். அப்புறம் மூட்டையோட மலை ஏறுறதை மறந்துட வேண்டியதுதான். படம் எடுத்துடலாம்."

"எக்ஸ்ரேவா?" பாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், ஒரு தீப்பெட்டியை மறைத்து வைத்த மாதிரி மேடு. "நெஞ்சு பேட்டரிங்க. கோயம்புத்தூர்ல வெச்சது. இது ஓடுனாத்தான் நான் ஓடுவேன். கதிரு பட்டா பேட்டரி போயிரும்னு ஊரே பேசுது."

"பேஸ்மேக்கர்தானே? கதிர் காலுக்குத்தான் பாய். நெஞ்சு மேல ஈயக் கவசம் போடுவாங்க. அதுவுமில்லாம, இதை வெச்சப்பவே அங்க நெஞ்சைப் படம் எடுத்திருப்பாங்களே?"

"எடுத்தாங்க. அப்ப இது புது செல்லு. இப்ப ஆறு வருசப் பழசு. நான் முப்பது வருசமா செல்லு விக்கிறவன் டாக்டரே. புது செல்லு எதையும் தாங்கும். பழைய செல்லு, பக்கத்தூட்டுல தும்முனாக்கூடச் செத்துரும்."

டாக்டர் பொறுமையிழந்து அக்காவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். ஒரு வார்த்தை போதும். அவர் வாயைத் திறந்தார்.

"சாதாரண எக்ஸ்ரேல கெடாதுன்னு பொஸ்தகத்துல இருக்குங்க பாய். கட்டிக்கு வெக்கிற பெரிய கதிர்னா கெடலாம்னும் அதுலயே இருக்கு. ஆறு வருசப் பழசுல எடுத்து நான் பாக்கல."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாய்க்குக் காதில் விழுந்தது 'கெடலாம்' மட்டும். ஒற்றைக் காலால் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். நான் அக்காவின் பக்கம் குனிந்து, "ஒரே ஒரு பொய்யிக்கா" என்று கெஞ்சினேன்.

"அது கேக்காத காது தம்பி. இந்தப் பக்கம் வாங்க."

அப்போதுதான் அரப்பளி தன் எதிரிக்காக வாதாட முன்வந்தார். "அட, பயப்படாதீங்க பாய்! அந்த மெஷினு ஒண்ணுக்கும் ஆவாததுங்க. எம்பட செல்லுல எட்டை அதுக்குள்ளார உட்டாங்க. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. சும்மா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"உன்னுது பாறையில வறுத்த பொணம்டா! செத்ததுக்கு மறுபடி சாவறதுக்கு என்ன இருக்கு?" வலியிலும் பாய்க்குத் தொழில் விட்டுப்போகவில்லை. விரல் மடக்கினார். "செல்லு உசுரோட இருக்கணும். வயசாயிருக்கணும். அது ஓட்டுற மெஷினுக்குள்ள பொடிச் சில்லும் இருக்கணும், என் நெஞ்சுல இருக்கற மாதிரி. அப்படி ஒண்ணை உங்க கதிருல வெச்சுக் காட்டுங்க, படுத்துக்கறேன்."

மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். அக்காவின் கை மெல்ல வலக் காதுக்குப் போனது.

"அக்கா, வேண்டாம்" என்றேன். அது போனால் அவருக்கு வேறு மெஷின் கிடையாது. இதை வாங்கவே சேலத்துக்கு எத்தனையோ நடை நடந்திருந்தார்.

"ஆறு நாள் ஓடுன செல்லு இருக்கு. சில்லும் இருக்கு." கழற்றிவிட்டார். உடனே குரல் இரண்டு மடங்கானது. "மொதல்ல எம்பொருளு!"

ஓடிக்கொண்டிருக்கும் காது மெஷினைத் தனியே கீழே வைத்தால் அது தன்பாட்டுக்குக் கீச்சென்று விசிலடிக்கும். ஃபிலிம் தட்டின் மேல் விசிலடித்தபடி கிடந்தது, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு போல. சிவப்புத் துண்டு ஆடியது. மில் நின்றது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் பாயைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே வந்தோம். வழக்க தோஷத்தில் "மூச்சை இழுத்துப் புடிங்க!" என்று அவர் கத்தினார், காது மெஷினைப் பார்த்து. நாங்கள் எல்லாரும் பிடித்தோம்.

டக்.

விசில் நிற்கவில்லை.

"கத்துது சரி," என்றார், கட்டிலோடு திரும்ப உள்ளே வந்த பாய். "கத்துறது வேற, கேக்கறது வேற. கேக்குதான்னு பாக்கணும்ல?"

அக்கா அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று வேறு தட்டு மாற்ற ஆரம்பித்தார். பாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கே பாதிதான் விழும்படி முணுமுணுத்தார். "இந்தப் பொம்பளைக்கு முழுப் பைத்தியம்."

"முழுசா இல்லீங்க பாய்," என்றார் அக்கா திரும்பாமலே. "காலை நீட்டுங்க."

நீட்டினார். ஈயக் கவசத்தைப் போர்த்தியபோது, "லாரி பேட்டரிக்குள்ளயும் இதே ஈயந்தானுங்க அம்மணி" என்று தடவிக் கொடுத்தார். எலும்பில் ஒரு கீறல், விலகவில்லை. மாவுக்கட்டு போட்டோம். கட்டுப் போடும்போது பாயின் ஒரு கை நெஞ்சிலேயே இருந்தது. துடிப்பது உறுதியானதும் தைரியம் வந்து, "எல்லார் செல்லையும் எடுத்தீங்களே, என்னோட இதையும் ஒரு படம் எடுங்க, எந்தக் கம்பெனின்னு பாக்கலாம்" என்று கேட்டார். கோழிக்குக் கிடைத்த பதிலே பாய்க்கும் கிடைத்தது.

அந்தக் காது மெஷினின் ஃபிலிம் இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சுருண்டு படுத்த ஒரு நத்தை. அதன் வயிற்றில் வெள்ளை வெளேரென்று ஒரு முழு நிலா.

அடுத்த சந்தை நாள். மாவுக்கட்டுக் காலைச் சாக்கின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்த பாயின் குரல் ஆஸ்பத்திரி வரை கேட்டது. "எக்ஸ்ரேவுக்கே அசராத செல்லுங்க! கதிரே அடிச்சாலும் சாவாத செல்லுங்க! வாங்க, வாங்க!" வியாபாரம் என்றுமில்லாதபடி நடந்தது. அரப்பளிகூட ஒரு ஜோடி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா போனார். காதில் மெஷின் இருந்தது, உயிரில்லை. நான்கு நாளாக எங்களோடு கைச்சாடையில்தான் பேச்சு. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அக்கா, வேண்டாம்" என்று பின்னால் ஓடினேன். அவருக்கு எப்படிக் கேட்கும்?

"பாய்!" தன் குரலே தனக்குக் கேட்காததால், சந்தைக்கே கேட்கும்படி வந்தது. "அந்தச் செல்லு செத்துப்போச்சுங்க! மூணாம் நாளு!"

விலை பேசிய வாய்கள் நின்றன.

"எக்ஸ்ரேல வெச்ச செல்லு! எக்ஸ்ரேயாலயா, வயசாலயான்னு எனக்குத் தெரியல! வழக்கமா ரெண்டு வாரம் ஓடும், இது மொத்தமே ஒம்பது நாளுதான்! உங்ககிட்ட சொல்லிறணுமில்ல!"

பாயின் கையிலிருந்த செல் சாக்கில் விழுந்தது. கை நெஞ்சுக்குப் போனது. முகம் மாவுக்கட்டின் நிறத்துக்கு வந்தது. அந்த முகத்தில் இரண்டு பாதை பிரிவதை நான் பார்த்தேன். கதிர்தான் அந்தச் செல்லைக் கொன்றது என்றால், அதே கதிர் தன்மேலும் பட்டிருக்கிறது. நெஞ்சுக்குள் இருப்பதற்கும் நாள் எண்ண வேண்டியதுதான். கதிர் கொல்லவில்லை என்றால், அந்தச் செல்லைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் சந்தை.

அக்காவை அருகே வரும்படி சாடை காட்டி, மெல்ல ஏதோ சொன்னார்.

"கேக்கலீங்க!"

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"என்னதுங்க?"

பாய் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு, கட்டுக் காலோடு எழுந்து நின்றார். "பழைய சரக்குங்க!" என்று அலறினார். "சேலத்துல மூடுன கடையில ஒரு பெட்டி மொத்தமா எடுத்தது! மலையில பொத்தான் செல்லு வாங்கறது நீங்க ஒருத்தருதான். ரெண்டு வருசமா ஒண்ணொண்ணாத் தள்ளிட்டிருக்கேன்! அது ஒம்பது நாள் ஓடுனதே அதிசயம். எக்ஸ்ரே மேல ஒரு குத்தமுமில்ல. அல்லா மேல ஆணையா!"

சந்தை சிரித்துக் குலுங்கியது. அரப்பளி கையிலிருந்த புது ஜோடியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "அப்ப இது எந்த வருசத்துதுங்க பாய்?"

"அது இந்த மாசத்துது! நீ போடா பாறைக்கு!"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உதடுகளைப் படித்தும் பாதி கேட்டும் புரிந்துகொண்டார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "பாய் சொல்றீங்க. நான் பாக்கலியே! அந்தப் பெட்டியில கதிரு படாதது ஒண்ணு குடுங்க. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்!"

"அதுக்கு மாசமாயிருமே!" பாய் சாக்கில் பொத்தென்று உட்கார்ந்தார். நெஞ்சுமேட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "அதுவரைக்கும் இதுக்கு நான் என்ன சொல்றது?"

வார்த்தை அக்காவுக்குக் கேட்டிருக்காது. நெஞ்சை மூடிய கை கேட்டுவிட்டது. பக்கத்திலேயே சாக்கில் உட்கார்ந்து, பாயின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். முழுதாக ஒரு நிமிஷம். சிரிப்பு அடங்கிவிட்டது. கிழங்கு மூட்டை தூக்கியவர் தூக்கியபடி நின்றார். எங்கோ ஒரு ஆடு கத்தியது, அதையும் யாரோ வாயைப் பிடித்து அடக்கினார்கள்.

"துடிக்குதுங்க" என்றார் அக்கா. "ஒண்ணுகூட விட்டுப் போவல. இதை நான் பாத்துட்டேன்."

பாயின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அக்கா நிமிர்ந்தார். சந்தை முழுக்க மார்பு புடைத்து, கன்னம் உப்பி, அசையாமல் நின்றுகொண்டிருந்த எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் விடுங்க!" என்றார்.